பெயர் வெட்டாத பாத்திரம்

வேண்டிய சாமானைப் பார்க்கவே கூடாது. இந்தத் தொழிலுக்கு அரிச்சுவடியே அதுதான். பார்த்தால் விற்கிறவளுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் விலை மச்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் இறங்காது. அதனால்தான் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், தனபாக்கியத்தின் நீலத் தார்ப்பாய்க்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்த மாத்திரத்தில், குவியலுக்கு அடியில் கிடந்த பித்தளைத் தூக்கின் வயிற்றில் ‘குமு’ என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த இரண்டு எழுத்தைக் கண்டதும், குமுதவல்லி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்றை, அதற்காகவே விடியற்காலையில் ரயில் ஏறி வந்தவள் மாதிரி இரண்டு கையாலும் தூக்கினாள். கனம் தாளவில்லை. அறுபத்து நான்கு வயதில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நடிக்க வேண்டியிருக்கிறது. “வாக்கா, இன்னா போன வாரம் ஆளையே காணோம்?” என்றாள் தனபாக்கியம். “உடம்பு சரியில்லை. இது எவ்வளவு சொல்றே?” “உனக்கு இன்னாத்துக்கு அது? போன மாசம்தானே ரெண்டு எடுத்துனு போனே?” எடுத்துக்கொண்டு போனதும் உண்மை, இரண்டும் இன்னும் விற்காமல் கிடப்பதும் உண்மை. இந்தத் தனபாக்கியத்துக்கு ஞாபக சக்தி கொஞ்சம் குறைவாக இருந்தால் உலகத்துக்கு ஒன்றும் நஷ்டமில்லை. “கேக்கறாங்க, வேணும்,” என்று சொல்லிவைத்தாள். கழுத்தில் கயிறு கட்டிக் கண்ணாடி தொங்கியது. எடுத்து மாட்டினால் எழுத்து தெளிவாகத் தெரியும். ஆனால் கண்ணாடி மாட்டுவது என்பது தாலி கட்டுகிற மாதிரி, அதற்குப் பிறகு சும்மா பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கை கண்ணாடி வரை போய் முந்தானையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தது.

கு, மு. அடுத்தது என்ன? மூன்றாம் எழுத்திலிருந்து மேலே ஒரு துருப்பிடித்த தராசுத் தட்டு மூடிக்கொண்டிருந்தது. குமுதா என்று இருக்கலாம், குமுதாக்கள் ஊரில் நிறைய. குமுதினி என்றும் இருக்கலாம். எதற்கு இந்த வயதில் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது, ஒரு பழைய தூக்கு, யாரோ பால் வாங்கப் போன தூக்கு. இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பெயர் பார்த்தாயிற்று! சரோஜா, லலிதா, பட்டம்மாள், ராஜேஸ்வரி, ஒரு குடத்தின் கழுத்தைச் சுற்றி மாலை மாதிரி ‘சௌபாக்கியவதி மீனலோசனிக்கு அன்பளிப்பு’. ஆழ்வார்பேட்டையில் ரஷீத் பாய் ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளத்தை எடுத்து, பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு ரேக் வாடகைக்கு விட்டிருக்கிறார். அவரவர் சந்தையில் தேடிப் பிடித்ததை அவரவர் ரேக்கில் அடுக்கி விற்றுக்கொள்ளலாம். மாடிப்படி ஓரம் நாலாவது ரேக் குமுதவல்லியுடையது. ஆகவே பாய்க்கு அவள் ‘நாலாம் நம்பர் அம்மா’. முதல் மாதம் ஒரு வெண்கல உருளியைக் கண்டெடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், புளி போட்டு, செங்கல் தூள் போட்டு, முழங்கை வலிக்கத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று கொண்டுபோய் வைத்தாள். பாய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “அம்மா, அறுபது வருஷத்து அழுக்கைக் கழுவி ஊத்திட்டீங்களே! அழுக்குக்குத்தானேம்மா வர்றாங்க!” அழுக்குக்கு வருவார்களா? பித்தளையைப் பார்த்தால் புளி தேடாத கை இந்த ஊரில் உண்டா? இப்போதும் அந்தத் தூக்கைப் பற்றி நினைக்கும்போதே கட்டைவிரல் தன்பாட்டுக்குச் சுண்டுவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பாயிடம் கற்றுக்கொண்ட இன்னொரு பாடம், பெயர் போட்ட சாமான் தங்காது. வாங்குகிறவர்கள் திருப்பித் திருப்பிப் பெயரைத்தான் தேடுகிறார்கள். ஒரு நாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சட்டைப் பையில் இரண்டு பேனா, ‘கமலா’ என்று போட்ட டம்ளரை எடுத்து எழுத்தின் மேல் விரலை வைத்து அப்படியே நின்றுகொண்டிருந்தார். பேரம் பேசவில்லை. கமலா யார் என்று இவளும் கேட்கவில்லை. அன்று ரயிலில் திரும்பும்போது தோன்றியது, என் பெயர் போட்ட டம்ளரை எடுத்து விரலை வைத்துக்கொண்டு நிற்க யாரும் இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் அப்படி ஒரு டம்ளரே இல்லையே.

இல்லாமல் போனதற்குக் காரணம் அம்மாவின் சிக்கனம் என்று சொல்லக்கூடாது, அம்மாவின் நம்பிக்கை என்றுதான் சொல்ல வேண்டும். குமுதவல்லிக்குப் பதினாலு வயது ஆனதிலிருந்து ஒவ்வொரு ஆடித் தள்ளுபடிக்கும் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பாத்திரம் வாங்கி, பழைய வேட்டியில் சுற்றி, பரணில் ஏற்றிவிடுவாள். கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெயர் வெட்டுகிறவர் உளியை எடுப்பார். “இப்ப வேணாம். நிச்சயம் ஆகட்டும். புருஷன் இனிஷியலோடயே வெட்டிக்கலாம்,” என்பாள் அம்மா. ஒரு தரம் வெட்டினால் வெட்டினதுதானே, அப்பா இனிஷியலைப் போட்டுவிட்டு அப்புறம் அடித்துத் திருத்த முடியுமா? குடம் ஆயிற்று, அண்டா ஆயிற்று, தாம்பாளம், கூஜா, இட்லிக் கொப்பரை, எல்லாம் வாய் பேசாமல் பரணில் உட்கார்ந்திருந்தன. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தர் கடிதம் போட்டார், இன்னொருத்தர் அதுவும் போடவில்லை. பிறகு ஒரு பங்குனியில் தங்கை வத்சலாவுக்குத் தானாக வந்தது ஒரு வரன். அம்மா அடுக்களையில் முதுகைக் காட்டிக்கொண்டு, ரசத்தில் கண்ணாக, “சின்னவளுக்கு முதல்ல முடிச்சிடலாமாடி? நீ என்ன சொல்றே குமுதா?” என்று கேட்டாள். கேட்டாளே, அதை மறைக்கக்கூடாது, கேட்கத்தான் கேட்டாள். “எனக்கென்னம்மா, தாராளமா பண்ணுங்க,” என்றாள் இவள், கொத்துமல்லியைக் கிள்ளிக்கொண்டே. ஒரே சாயங்காலத்தில் பதினோரு பாத்திரமும் பரணிலிருந்து இறங்கின. ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனதும் இவள்தான். ‘ர. வத்சலா’ என்று காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்து, எழுத்துப் பிழை வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டதும் இவள்தான். டொக் டொக் டொக் டொக். வத்சலாவின் ‘வ’ வளைந்து வந்தது. பதினோரு தரம் வந்தது. அழுதாளா என்றால் இல்லை. காதுக்குள் அந்த டொக் டொக் மட்டும் வீடு வரை வந்தது, இன்னும் போகவில்லை.

“அக்கா, அதைக் கையிலயே வச்சினு இன்னா ரோசனை பண்றே? வெயில் ஏறுது பாரு,” என்றாள் தனபாக்கியம். இஸ்திரிப் பெட்டி இன்னும் மடியிலேயே இருந்தது, சேலையில் கரி. கீழே வைத்தாள். இரண்டாவது சாமானைக் கேட்க வேண்டும், முறைப்படி. வேண்டாததில் இரண்டைக் கேட்டு, இரண்டுக்கும் உதட்டைப் பிதுக்கி, எழுந்திருப்பதுபோல் முட்டியில் கை ஊன்றி, அப்புறம் ‘சரி அந்தத் தூக்கையாவது போடு’ என்று அலுத்துக்கொண்டு கேட்க வேண்டும். ‘யாவது’ ரொம்ப முக்கியம். அந்த ‘யாவது’வைச் சொல்லிச் சொல்லியே காலம் ஓடிவிட்டது. வேண்டியதைக் கண்ணால் பார்க்காமல் பக்கத்திலிருப்பதைக் கேட்கிற வித்தையைச் சந்தையா கற்றுக்கொடுத்தது? அதில் அவள் பிறவி வித்துவான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், ட்ரங்க் கால் போர்டில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளில் திருச்சியிலிருந்து ஒரு குரல் வரும். பெயர் தெரியாது. அங்கே யாருக்குமே பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். “மெட்ராஸ், திருச்சி பேசறேன்.” “சொல்லுங்க திருச்சி.” கொஞ்சம் கரகரப்பு, ‘ழ’ மட்டும் சுத்தமாக வரும். மழை என்று அவர் சொன்னால் இங்கே போர்டு நனைகிற மாதிரி இருக்கும். பேசுகிறவர்களை இணைத்துவிட்டு இடையில் கிடைக்கும் அரை நிமிஷத்தில் திருச்சியில் மழையா, மெட்ராஸில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டுக்கொள்வார்கள். ஒன்றரை வருஷம் அப்படி. ஒரு நாள் திருச்சி, “மெட்ராஸ், தப்பா நினைக்காதீங்க, உங்க பேர் என்ன?” என்றது. வாய் வரைக்கும் வந்தது, கு வந்தது, மு வந்தது. உதடு குவிந்திருந்தது, நிஜமாகவே குவிந்திருந்தது. “பேர் எதுக்கு சார், டிக்கெட் நம்பரைச் சொல்லுங்க.” “நாப்பத்திரெண்டு,” என்றது திருச்சி. நாற்பத்திரண்டு. யார் யாருக்குப் பேசினார்களோ அந்த நாற்பத்திரண்டாம் நம்பர் டிக்கெட்டில், நன்றாக இருக்கட்டும். அதற்கப்புறம் திருச்சி மழையைப் பற்றிப் பேசவில்லை. ஊர் ஊராக, அவரவரே நேராக டயல் செய்துகொள்ளும் எஸ்.டி.டி. வந்தது, போர்டைக் கழற்றினார்கள். பைத்தியக்காரி, சொல்லியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

“அந்தத் தராசு?” என்று கேட்டாள். கேட்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். தூக்கை மூடிக்கொண்டிருப்பதே அந்தத் தராசுத் தட்டுதான், தனபாக்கியம் அதை எடுத்தால் தூக்கு வெளியே வந்து நின்றுவிடும். நல்லவேளையாக அவள் எடுக்கவில்லை. “ஒரு தட்டுதான் கீது. இன்னொண்ணு எவனோ அடிச்சினு பூட்டான்,” என்று சொல்லிவிட்டு டீக்காரனைக் கூப்பிடத் திரும்பினாள். டீக்காரனுக்குக்கூடப் பெயர் இருக்கிறது, “டேய் மாரி” என்கிறாள். அவனும் “இன்னா தனம்” என்கிறான். எவ்வளவு சுலபமாக எறிந்து பிடித்துக்கொள்கிறார்கள். குமுதவல்லி என்று கடைசியாகக் கூப்பிட்டது யார்? அம்மா போய்ப் பதினைந்து வருஷம். வத்சலா கடைசி மூச்சு வரை அக்கா, வத்சலா பிள்ளைகள் பெரியம்மா, அதுவும் வத்சலா போன இந்தப் பதினோரு மாதத்தில் இரண்டு தடவை போனில். ஆபீசில் பதினேழாம் நம்பர். அடுக்ககத்தில் எஃப்-டூ. ரத்தம் எடுக்கிற லேபில் மட்டும் ஒரு பெண் கதவைத் திறந்து, “குமுதவல்லி யாரு?” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், சர்க்கரை இல்லாத உடம்புக்கு மூன்று தடவை சர்க்கரை பார்த்துக்கொண்டாள். நாலாவது தடவை போனபோது சுவரில் சிவப்பு விளக்கில் நம்பர் ஓடியது. அதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். போன வாரத்தைத்தான் தள்ள முடியவில்லை. குளியலறையில் தலை சுற்றி விழுந்தது ஞாபகம் இருக்கிறது, ஈரத் தரையின் குளிர்ச்சி கன்னத்தில் ஞாபகம் இருக்கிறது. வேலைக்காரி சத்தம் போட, எதிர்வீடு பக்கத்துவீடு எல்லாம் வந்துவிட்டது, ஆம்புலன்சும் வந்துவிட்டது. அந்த ஆம்புலன்ஸ் பெண், “பேர் சொல்லிக் கூப்பிடுங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் முழிப்பாங்க, பேர் என்ன?” என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ஆறு வருஷம் ஒரே மாடிப்படி, ஒருத்தருக்கும் தெரியவில்லை. “எஃப்-டூ ஆன்ட்டி,” என்றது ஒரு குரல். “அம்மா, அம்மா,” என்று கன்னத்தில் தட்டினார்கள். எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது. யாரோ யாருடைய அம்மாவையோ கூப்பிடுகிறார்கள், பாவம், அந்த அம்மாள் எங்கே போனாளோ என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடியே கிடந்தாள். கூப்பிட்டால் எழுந்திருக்கலாம் என்றுதான் இருந்தாள், சத்தியமாக. யாரும் கூப்பிடவில்லை. அடுத்த தரம் விழுந்தாலும் அப்படித்தான் கிடப்பேனா என்கிற பயம் அன்றிலிருந்து குளியலறைக் கதவில் கை வைக்கும்போதெல்லாம் வருகிறது.

அந்தத் தூக்கு கிடைத்தால் ரேக்கில் வைக்கப்போவதில்லை. அது தீர்மானம். பாய் கோபித்துக்கொள்ளட்டும். வீட்டில், வாசலுக்கு நேரே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே வைக்க வேண்டும், யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில். யாரோ ஒரு குமுதவல்லிக்கு யாரோ சீர் கொடுத்தது, இருக்கட்டும், அவள் மகராசியாகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருப்பாள், இனிஷியல் ஏதாவது இருந்தால் துணியால் மறைத்துக்கொண்டால் போயிற்று. ஆனால் குமுதா என்றிருந்தால்? எழுந்து போய்விடலாம். குமுதினி என்றிருந்தால் அதுவும் வேண்டாம். முழுதாக இருக்க வேண்டும், ஐந்தெழுத்தோ ஆறெழுத்தோ, விரல் விட்டு எண்ணினாள், கு மு த வ ல் லி, ஆறு. சரி, முறைப்படி முட்டியில் கையை ஊன்றி எழுந்திருக்கிற பாவனை செய்துவிட வேண்டியதுதான். ஊன்றினாள். பாவனை செய்யப் போய் முட்டி நிஜமாகவே பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்வதற்குள், பக்கத்தில் ஜீன்ஸ் போட்ட ஒரு கால் வந்து நின்றது, வளையல் இல்லாத ஒரு கை நீண்டது, தராசுத் தட்டை ஒதுக்கியது, தூக்கைப் பிடியோடு தூக்கியது. “இது அழகா இருக்கே! மணி பிளான்ட் போட்டு பால்கனில தொங்கவிடலாம்,” என்றாள் அந்தப் பெண், தனக்குத்தானே. சந்தையில் இன்னொரு சட்டம் இருக்கிறது. ஒருத்தர் கையில் இருக்கும் சாமானை இன்னொருத்தர் கேட்கக்கூடாது, அவர்களாகக் கீழே வைக்கும் வரை வாயைத் திறக்கக்கூடாது. வை, கீழே வை, அடியில் ஓட்டை இருக்கிறது, ஈயம் போயிருக்கிறது, வை. அவள் வைக்கவில்லை. “அருமையான சாமான் பாப்பா, இப்பல்லாம் கெடிக்காது,” என்றாள் தனபாக்கியம். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொத்துமல்லி கிள்ளிக்கொண்டு டிக்கெட் நம்பர் கேட்டுக்கொண்டு இன்னும் எத்தனை நாள்? மணி பிளான்ட். அதன் இலை வளர்ந்து பெயரை மூடிவிடும்.

அந்தப் பெண் தூக்கை வெயிலுக்குத் திருப்பினாள். “ஏதோ எழுதியிருக்கு,” என்று கட்டைவிரலால் அழுக்கைத் தேய்த்தாள். தமிழைப் படித்து ரொம்ப நாளானவள் போலிருந்தது, புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாகக் கூட்டினாள். “கு... மு...” சந்தைச் சத்தம், பழைய ரேடியோ ஒன்று இரைகிற சத்தம், தலைக்கு மேலே போன விமானத்தின் சத்தம், எதுவும் இல்லை. “த...” தா இல்லை, தி இல்லை, த. “வ... ல்... லி.” பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, சரியாகப் படித்துவிட்ட சந்தோஷத்தில், கொஞ்சம் உரக்கவே, “குமுதவல்லி!” என்றாள்.

“என்னம்மா?” என்றாள் குமுதவல்லி.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். “இல்ல ஆன்ட்டி, உங்களைக் கூப்பிடல. இதுல எழுதியிருக்கறதைப் படிச்சேன்.” அப்புறம் தூக்கையும் பார்த்து, குமுதவல்லியின் முகத்தையும் பார்த்து, கண்ணை அகல விரித்தாள். “ஐயோ, உங்க பேரா?” சும்மா பார்த்தேன், நீ எடுத்துக்கோம்மா, எனக்கெதுக்கு, எல்லாம் நாக்கில் வரிசையாக வந்து நின்றன, நாற்பது வருஷமாகச் சொல்லிப் பழகியவை, கூப்பிடாமலே வருபவை. குமுதவல்லி அத்தனையையும் விழுங்கினாள். “ஆமா. என் பேர்தான். குமுதவல்லி.” சொன்ன சத்தம் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. “ரெண்டு வருசமா வர்றே, உன் பேரு இதானா!” என்றாள் தனபாக்கியம், கையில் டீ கிளாஸோடு. “அப்ப இது உங்க வீட்டோடதா ஆன்ட்டி?” “இல்லம்மா. அது வேற யாரோ குமுதவல்லியோடது. என் பேர் போட்டது என்கிட்ட ஒண்ணுமே கிடையாது. எனக்கு அது வேணும்.” யாவது இல்லை, ஒன்றுமில்லை, வேணும் என்று மட்டும் வந்தது. கண்ணில் நீர் முட்டியதைத் துடைக்கவும் தோன்றவில்லை. அந்தப் பெண் ஒரு நிமிஷம் தயங்கினாள், மணி பிளான்டை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, பிறகு இரண்டு கையாலும் தூக்கை நீட்டினாள்.

குமுதவல்லி வாங்கிக்கொள்ளவில்லை.

“இன்னொரு தரம் படி,” என்றாள்.

அந்தப் பெண்ணின் பார்வை, கயிற்றில் கட்டி மார்பில் தொங்கிய கண்ணாடிக்குப் போயிற்று. “கண்ணாடி வச்சிருக்கீங்களே ஆன்ட்டி?”

“இருக்கும்மா. நீ படி.”